பிராணாயாமமும் மறைபொருட் கொள்கையும்

மனத்தெளிவு வேண்டி மூச்சை அடக்கும் முறை, குருவானவர் செவியில் மட்டும் ஓதுதற்குரிய மறைபொருளென்பது பலர் கொள்கை. விவேகானந்த சுவாமிகள் இதனை உடன்பட்டாரல்லர். அவர் நியூயோர்க்கிலே ஆற்றிய விரிவுரைகள் 1896ஆம் ஆண்டு 'இராசயோகம்' என ஆங்கிலத்தில் நூலாயின. யோகநெறியில் மறைவாயுள்ளது யாதாயினும் தள்ளத்தக்கதென்பது அதன் துணிபு. 4 செக்கன் மூச்சை உள்ளிழுத்து, 16 செக்கன் நிறுத்தி, 8 செக்கனில் வெளிவிடுமாறு அளவையும் வெளிப்பட உரைத்தார். மேனாட்டவர்க்கு இது புதுமையாயிருக்கலாம், தமிழர்க்கு அன்று. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்திலே பூரகத்திற்கு 16, கும்பகத்திற்கு 64, இரேசகத்திற்கு 32 மாத்திரை வகுத்துள்ளார். விகிதம் ஒன்றே. எனினும் சுவாமிகள் மறைப்பை மறுத்தாரேயன்றிக் குருவை மறுத்தாரல்லர். ஒரு சிலர்க்கன்றி, ஆசிரியரை நேரிலடைந்து கற்றலே தீங்கற்ற வழியென அந்நூன் முகவுரையிலேயே எச்சரித்துள்ளார்.