60 வயசுக்கு மேல ஆடலாமா? மூத்தோர் குழுவுக்கு எந்த நாட்டுப்புற ஆட்டம் பொருந்தும்?

பொங்கல் விழா, அடுக்குமாடிக் குடியிருப்பு ஆண்டு விழா, ஓய்வூதியர் சங்கக் கூட்டம்னு எங்க பார்த்தாலும் இப்போ அறுபது, எழுபது வயதைத் தொட்டவர்கள் மேடை ஏறுகிறார்கள். ஆசை இருக்கு, ஆட்களும் இருக்காங்க. ஆனா எதை ஆடுவது என்ற இடத்தில்தான் குழப்பம். பேரப்பிள்ளைகள் செல்போனில் காட்டும் சினிமா குத்துப்பாட்டைப் பழக ஆரம்பித்து, மூன்றாவது நாளே முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் நிறைய பேர்.

நம்ம ஊர் மரபிலேயே வயதானவர்களுக்குப் பொருந்தும் ஆட்டங்கள் இருக்கின்றன. எதை எடுக்கலாம், எதை விடலாம், யாரிடம் கற்கலாம்? பார்க்கலாம்.

முதலில் பார்க்க வேண்டியது என்ன?

ஆட்டத்தின் பெயரைப் பார்க்காதீர்கள், அசைவைப் பாருங்கள். ஒரு ஆட்டத்தின் வீடியோவைப் பார்க்கும்போது நாலு விஷயங்களைக் கவனிக்கணும். குதித்து இறங்குகிறார்களா? முழுசாகக் குத்தவைத்து எழுகிறார்களா? ஒரே காலில் சுழல்கிறார்களா? தலையில் எடை இருக்கிறதா? இவற்றில் எது இருந்தாலும் மூட்டுத் தேய்மானம், எலும்பு பலவீனம், தலைச்சுற்றல் உள்ளவர்களுக்கு அது ஆபத்துதான்.

இந்த அளவுகோலில் கரகாட்டம் முதல் சுற்றிலேயே கழன்றுவிடும். பொய்க்கால் குதிரையும் அப்படித்தான், கட்டையில் நின்றுகொண்டு கூட்டையும் சுமக்கணும். கம்பளத்து நாயக்கர் சமூகத்தின் தேவராட்டம் பார்க்க அவ்வளவு அழகு; ஆனால் தேவதுந்துபியின் அடிக்கு ஏற்ப தாவலும் குனிதலும் மாறி மாறி வரும். கைச்சிலம்பாட்டத்தில் வேகம் அதிகம். இவற்றை இளைஞர்களிடம் விட்டுவிடலாம்.

கும்மிதான் முதல் தேர்வு. ஏன்?

கும்மிக்கு மேளம் வேண்டாம், ஒப்பனை வேண்டாம், மேடைகூட வேண்டாம். கையும் குரலும் போதும். வட்டமாக நின்று, ஒருவர் பாட மற்றவர்கள் திருப்பிப் பாடி, கைகொட்டி நகர்வதுதான் அடிப்படை. முளைப்பாரியைச் சுற்றி ஆடும் கும்மி, குலவை போட்டு ஆடும் குலவைக் கும்மி, கையில் பூத்தட்டுடன் பூந்தட்டுக் கும்மி, விளக்குடன் தீபக் கும்மி, கதிருடன் கதிர்க் கும்மி என வகைகள் உண்டு.

வட்டம் என்பதில்தான் பெரிய வசதி இருக்கிறது. வரிசையில் நின்றால் முன்வரிசைக்காரருக்கு அடி மறந்துபோனால் பார்க்க ஆள் கிடையாது. வட்டத்தில் எதிரே நிற்பவரைப் பார்த்தே பிடித்துக்கொள்ளலாம். ஒருவர் களைத்து விலகினால் இரண்டு பக்கத்தில் இருப்பவர்கள் நெருங்கி இடைவெளியை மூடிவிடுவார்கள். பார்ப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது.

கும்மியில் குனிந்து கொட்டும் இடங்கள் வரும். அதை இடுப்பு மட்டத்தில் கொட்டுவதாக மாற்றிக்கொள்ளலாம். ஊருக்கு ஊர், பாட்டுக்குப் பாட்டு கும்மி மாறிக்கொண்டேதான் வந்திருக்கிறது. இந்த மாற்றத்தால் மரபு கெட்டுப்போகாது.

வள்ளி கும்மியில் வயது ஒரு தடையா?

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இப்போது வள்ளி கும்மி பெரிய அலையாகவே எழுந்திருக்கிறது. வள்ளி - முருகன் கதையை ஆசிரியர் பாட, குழந்தை முதல் பாட்டி வரை ஒரே களத்தில் ஆடுகிறார்கள். வள்ளி ஒயில் கும்மிக் கலைஞரான மேட்டுப்பாளையம் பகுதி பத்திரப்பனுக்கு 2024-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 87. ஆண்கள் ஆடிவந்த இந்தக் கலையில் பெண்களையும் பயிற்றுவித்தவர் என்பதற்காகவும் பேசப்பட்டவர் அவர். வயசாயிடுச்சேன்னு யோசிப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய உதாரணம் தேவையில்லை.

ஆனா ஒரு எச்சரிக்கை. வள்ளி கும்மி அரங்கேற்றங்கள் மணிக்கணக்கில் நீளும். மூத்தோர் குழு அதிலிருந்து ஒன்றிரண்டு பாட்டை மட்டும் எடுத்தால் போதும். பாட்டு வரிகளை முதலில் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். யாரையும் தாழ்த்திப் பேசும் வரியோ, சாதிப் பெருமையோ இருந்தால் அந்தப் பாட்டை விட்டுவிட்டு வேறு பாட்டு எடுப்பது நல்லது. எல்லோரும் கலந்து வாழும் குடியிருப்பில் அது தேவையில்லாத மனவருத்தத்தைத்தான் கொண்டுவரும்.

கோலாட்டம், ஒயிலாட்டம், படுகர் ஆட்டம்

கோலாட்டத்தின் பலம், அதை நாற்காலியில் உட்கார்ந்தும் ஆடலாம் என்பது. முட்டி அறுவை சிகிச்சை செய்தவர்கள் நடுவில் உட்கார்ந்து கோல் தட்ட, மற்றவர்கள் சுற்றி வரலாம். மேலே கட்டிய கயிறுகளைப் பிடித்துப் பின்னி, பிறகு பிரிக்கும் பின்னல் கோலாட்டம் மூளைக்கு நல்ல வேலை தரும். ஒருவர் வழி மாறினாலும் பின்னல் சிக்கிவிடும். அதற்கு இரட்டைப்படை எண்ணிக்கையில் ஆட்கள் வேண்டும். ஒருவர் லீவு போட்டால் அன்றைய பயிற்சியே போச்சு. அதனால் மாற்று ஆட்கள் இரண்டு பேரை எப்போதும் தயாராக வைத்திருக்கணும்.

ஆண்கள் அதிகம் உள்ள குழு என்றால் ஒயிலாட்டம். கையில் கைக்குட்டை, காலில் சலங்கை. அசைவு சின்னதாக இருந்தாலும் துணி வீசும்போது பெரிதாகத் தெரியும் என்பது வயதானவர்களுக்குச் சாதகம். மெதுவாகத் தொடங்கி வேகம் கூடிக்கொண்டே போவது இதன் இயல்பு. வேகம் கூடும் முன் நிறுத்திக்கொள்ளுங்கள், குதிக்கும் அடிகளை நடையாக மாற்றிக்கொள்ளுங்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் விளக்கைச் சுற்றிக் கோல் தட்டி ஆடும் களியல் ஆட்டமும் இருக்கிறது. அதில் குனிந்து நிமிர்வது அதிகம் என்பதால் உடம்பு தாங்குமா என்று பார்த்துச் செய்ய வேண்டும்.

நீலகிரி படுகர் ஆட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை உடையில், வட்டமாக, பெரியவர்களும் சிறியவர்களும் ஒன்றாக, நிதானமான அடியில் ஆடுவார்கள். அசைவைப் பொறுத்தவரை மூத்தோருக்கு மிகப் பொருத்தம். ஆனால் ஹெத்தையம்மன் பண்டிகை போன்ற வழிபாடுகளோடும் அவர்கள் அடையாளத்தோடும் சேர்ந்தது அது. உடையை மட்டும் வாங்கிப் போட்டுக்கொண்டு ஆடாமல், அந்தச் சமூகத்தவர் ஒருவரிடம் கேட்டு, கற்று ஆடுவதே மரியாதை. சாமியாட்டம், சக்தி கரகம் போன்ற சடங்கு சார்ந்தவற்றை மேடைக்கு எடுக்காமல் இருப்பதே நல்லது.

எங்கே தேடுவது?

யூடியூபில் தேடுவதற்கு முன், உங்கள் குழுவிலேயே மூத்தவரிடம் கேளுங்கள். "சின்ன வயசுல உங்க ஊர்ல என்னம்மா ஆடுவீங்க?" என்று ஒரு கேள்வி போதும். முதலில் "அதெல்லாம் மறந்துபோச்சு"ன்னுதான் சொல்வாங்க. ஒருவர் தானானே போட்டால் இன்னொருவருக்கு அடுத்த வரி வந்துவிடும். எந்தப் புத்தகத்திலும் அச்சாகாத பாட்டுகள் இப்படி வெளியே வரும். உடனே செல்போனில் பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயர், ஊர், தேதி, எந்த விழாவில் பாடியது என்பதைப் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லவையுங்கள். பாட்டு தெரிந்த தலைமுறை எழுபதைத் தாண்டிவிட்டது, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னு தள்ளிப்போட முடியாத வேலை இது.

அடுத்த கட்டமாக, மாநில அரசின் கலை பண்பாட்டுத் துறை அலுவலகங்களில் உங்கள் மாவட்டக் கலைஞர்கள் பற்றி விசாரிக்கலாம். மாவட்ட அளவில் அரசு வழங்கும் கலை விருதுகளில் 66 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது 'கலை முதுமணி'. அந்த விருது பெற்றவர் உங்கள் பக்கத்தில் இருந்தால் அவரே நல்ல ஆசிரியர். வயதான உடம்பில் ஆட்டத்தை எப்படிக் குறைத்து ஆடுவது என்பது அவருக்குத் தெரியும். தஞ்சாவூரில் உள்ள தென்னகப் பண்பாட்டு மையம், பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை ஆகியவையும் கேட்டுப் பார்க்க வேண்டிய இடங்கள்.

கற்றுத்தருபவருக்குச் சம்பளம் கொடுங்கள். திருவிழா இல்லாத மாதங்களில் கூலி வேலைக்குப் போகும் கலைஞர்கள் பலர். சால்வை போட்டு அனுப்புவது கௌரவம்தான், ஆனா பஸ் டிக்கெட்டுக்கு சால்வை உதவாது. உங்கள் குழுவைக் கல்யாண வீட்டுக்கு இலவசமாக அழைத்தால், அந்த வாய்ப்பு யாருடைய பிழைப்பு என்பதையும் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

உடம்புக்கு நல்லதா?

65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடல் உழைப்பும், வாரத்தில் மூன்று நாளாவது சமநிலை, தசை வலுவுக்கான பயிற்சியும் செய்யணும் என்கிறது உலக சுகாதார அமைப்பின் 2020 வழிகாட்டுதல். கும்மியில் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுவதே ஒரு சமநிலைப் பயிற்சிதான். அமெரிக்காவில் 75 வயதைத் தாண்டிய 469 பேரைத் தொடர்ந்து கவனித்து 2003-ல் வெளியான ஆய்வில், நடனமாடியவர்களுக்கு மறதி நோய் வருவது குறைவாக இருந்தது. நடனம்தான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆரோக்கியமாக இருப்பவர்கள்தான் ஆட வருகிறார்கள் என்றும் இருக்கலாம்.

நெஞ்சுவலி, அடிக்கடி கீழே விழுதல், சமீபத்திய அறுவை சிகிச்சை போன்றவை இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது.

பயிற்சியில் கவனிக்க வேண்டியவை

வழவழப்பான டைல்ஸ் தரை வேண்டவே வேண்டாம், ஈரம் பட்டால் வழுக்கும். புடவை கணுக்காலுக்கு மேல் நிற்கட்டும். வட்டத்தை எப்போதும் ஒரே திசையில் சுற்றினால் தலை கிறுகிறுக்கும், பாதிப் பாட்டில் திசையை மாற்றுங்கள். சுருதியைக் குறைத்து வையுங்கள். ஆடிக்கொண்டே பாடினால் மூச்சு வாங்கும், பாட முடியவில்லை என்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம். சுவரோரம் நாலு நாற்காலி, தண்ணீர், சர்க்கரை நோயாளிகளுக்கு ஏதாவது இனிப்பு கட்டாயம் இருக்கணும்.

மேடைக்கு எட்டு நிமிடம் தாராளம். விழாக்காரர்கள் "இன்னொரு பாட்டு"ன்னு கேட்பார்கள். அதற்கு நடந்துகொண்டே பாடும் ஒரு மெதுவான பாட்டைத் தனியாகப் பழகி வைத்துக்கொள்ளுங்கள்.