கான்செப்ட் ஆர்டிஸ்ட்: வரையத் தெரிந்த பிள்ளைக்கு இது தொழிலாகுமா?

நெய்வேலி நகரியத்தில் பிளஸ் டூ தேர்வு முடிந்ததும் பெற்றோர்கள் நம்மிடம் ஆலோசனை கேட்டு வருவது வழக்கம். பொறியியலா, டிப்ளமோவா, ஐ.டி.ஐ. முடித்து என்.எல்.சி.யில் அப்ரண்டிஸா என்பதுதான் முன்பெல்லாம் கேள்வியாக இருந்தது. சில ஆண்டுகளாக இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. "பையன் எந்நேரமும் படம் போட்டுக்கொண்டே இருக்கிறான் ஹஜ்ரத். வீடியோ கேமுக்கும் சினிமாவுக்கும் வரைவதே ஒரு வேலை என்கிறான். அப்படி ஒரு வேலை இருக்கிறதா? இருந்தால் அது ஆகுமானதா?"

இரண்டுமே நியாயமான கேள்விகள். வேலை என்னவென்று தெரியாமல் அது ஆகுமா, ஆகாதா என்று சொல்வது முறையல்ல. எனவே முதலில் வேலையைப் புரிந்துகொள்வோம்.

வேலை என்ன?

கதையில் "பாழடைந்த ஒரு கோட்டை" என்று எழுதியிருந்தால், படிக்கிற நூறு பேர் மனதில் நூறு கோட்டைகள் தோன்றும். அந்தக் கோட்டை கல்லா, செங்கலா? எவ்வளவு உயரம்? எந்தப் பக்கம் இடிந்திருக்கிறது? வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? இவற்றை முடிவு செய்து வரைந்து காட்டுபவர்தான் கான்செப்ட் ஆர்டிஸ்ட். அவர் படத்தை வைத்துத்தான் செட் போடும் தச்சரும், கணினியில் முப்பரிமாண உருவம் செய்பவரும், கிராபிக்ஸ் கலைஞரும் வேலை செய்கிறார்கள்.

வீட்டுச் சுவரில் மாட்டும் ஓவியத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான். கொத்தனாருக்கு வீட்டு பிளான் எப்படியோ, அப்படித்தான் இந்தப் படம். முதலில் தீப்பெட்டி அளவில் பல சிறு கோட்டோவியங்கள் போட வேண்டும். இயக்குநர் ஒன்றிரண்டைத் தேர்வு செய்வார். அதைப் பெரிதாக்கி, பொருள், அளவு, நிறம் எல்லாவற்றையும் தெளிவாக்க வேண்டும். வரைந்தவற்றில் பெரும்பகுதி கழிக்கப்படும். பத்து முறை மாற்றச் சொன்னாலும் முகம் சுளிக்காமல் பதினொன்றாவது முறை வரைகிறவரே இங்கே நிலைப்பார்.

யார் யார் செய்திருக்கிறார்கள்?

ரால்ஃப் மெக்குவாரி என்ற அமெரிக்கர் போயிங் விமான நிறுவனத்தில் தொழில்நுட்ப வரைபடங்கள் வரைந்தவர். 1975ல் ஜார்ஜ் லூகாஸ் தமது 'ஸ்டார் வார்ஸ்' கதைக்குக் காட்சிகளை வரைந்து தரும்படி இவரிடம் கேட்டார். கதையை மட்டும் கேட்டால் புரியாத ஸ்டுடியோ நிர்வாகிகளுக்கு அந்த ஓவியங்களே படத்தை விளங்க வைத்தன. 1982ல் வந்த 'பிளேட் ரன்னர்' படத்தின் எதிர்கால நகரத்தை வரைந்த சிட் மீட், அதற்கு முன் ஃபோர்டு நிறுவனத்தில் கார் வடிவமைத்தவர். இருவருமே இயந்திரம் எப்படி இயங்கும் என்று தெரிந்து வரைந்தவர்கள்.

தமிழ்ச் சினிமாவில் இந்தப் பணியை நெடுங்காலம் கலை இயக்குநர்களே செய்து வந்தார்கள். 1987ல் வந்த 'நாயகன்' படத்துக்காக மும்பையின் தாராவியைச் சென்னையில் செட்டாகப் போட்ட தோட்டா தரணி அடிப்படையில் ஓவியர்தான். அந்தப் பணி அவருக்குத் தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. கிராபிக்ஸ் பெருகிய பிறகு இது தனித் தொழிலாகப் பிரிந்தது. 2015ல் வந்த 'பாகுபலி'க்குச் சாபு சிரில் தயாரிப்பு வடிவமைப்பாளர். கான்செப்ட் ஓவியங்களுக்கு விஸ்வநாத் சுந்தரம் என்று தனியாகவே பெயர் இடம்பெற்றது.

கேம் துறையில் தமிழர்கள் அறிய வேண்டிய ஒன்று 'வெண்பா'. கனடாவின் டொராண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் என்ற சிறிய குழு 2023ல் வெளியிட்டது. கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. துப்பாக்கியும் சண்டையும் கிடையாது. இட்லித் தட்டு, அடுப்பு, அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பேடு இவைதான் அதில் முக்கியப் பொருட்கள். 2024ல் பிரிட்டனின் பாஃப்டா விருது அறிமுக கேம் பிரிவில் அதற்குக் கிடைத்தது. நம் சமையலறையை உற்றுப் பார்த்த கண்ணுக்கும் உலகில் மதிப்பு இருக்கிறது.

உருவம் வரைவது குறித்து

உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவது பற்றி ஹதீஸ்களில் கடுமையான எச்சரிக்கைகள் வந்துள்ளன. பெரும்பான்மை இமாம்கள் அதைத் தடை என்றே கொள்கிறார்கள். நிழல் விழாத தட்டையான உருவங்களை மாலிகி மத்ஹபின் அறிஞர்கள் பலர் மக்ரூஹ் என்ற அளவில் வைத்தனர். இக்கால அறிஞர்களிடையேயும் கருத்து வேறுபாடு இருக்கிறது. இதை மறைத்து ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல நாம் விரும்பவில்லை.

ஆனால் இந்த இடத்தில் வழிகாட்டும் செய்தி ஒன்று ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. உருவம் வரைவதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வருகிறார். நபி (ஸல்) அவர்களிடம் தாம் கேட்ட எச்சரிக்கையை அவர்கள் எடுத்துச் சொல்ல, வந்தவர் அதிர்ந்து போகிறார். வரைந்துதான் ஆக வேண்டுமென்றால் மரங்களையும் உயிரற்ற பொருட்களையும் வரைந்துகொள்ளும்படி அவர்கள் வழி காட்டுகிறார்கள். ஒரு மனிதரின் கைத்தொழிலை முழுவதும் பறிக்காமல், அதற்குள்ளேயே ஆகுமான பகுதியைக் காட்டிக் கொடுத்தார்கள்.

அதே பார்வையில் இந்தத் தொழிலைப் பாருங்கள். கதாபாத்திரங்களையும் விலங்குகளையும் வரைவது ஒரு பிரிவு. ஊர், காடு, மலை, கட்டடம் ஆகியவற்றை வரையும் சூழல் வடிவமைப்பு இன்னொரு பிரிவு. பாத்திரம், விளக்கு, கதவு போன்ற பொருட்களுக்கு ஒரு பிரிவு. வாகனங்களுக்கும் இயந்திரங்களுக்கும் ஒரு பிரிவு. பின்னால் சொன்ன மூன்றிலும் உயிருருவம் வரையாமல் வாழ்நாள் முழுக்கச் செய்யும் அளவுக்கு வேலை இருக்கிறது. கீழக்கரை, காயல்பட்டினம் பள்ளிவாசல்களின் கல் தூண்களைச் செதுக்கியவர்கள் தமிழகச் சிற்ப மரபிலேயே நின்று, உருவங்களைத் தவிர்த்துக் கொடியையும் பூவையும் வைத்தார்கள். அந்த வரம்பால் வேலையின் அழகு குறையவில்லை.

நடைமுறைச் சிக்கலையும் சொல்ல வேண்டும். பெரிய ஸ்டுடியோக்களில்தான் பிரிவு பிரிவாக வேலை கொடுப்பார்கள். சிறிய இடங்களில் ஒரே ஆளே மனிதரையும் வரைய வேண்டும், மரத்தையும் வரைய வேண்டும். புராணக் கதைகளுக்கு வழிபாட்டுச் சிலைகள் கேட்பார்கள். சூதாட்ட கேம்கள், ஆபாசம் கலந்த படைப்புகள் தேடி வரும். "இது என் பிரிவு, இதைச் செய்வேன், அதைச் செய்ய மாட்டேன்" என்று சொல்வதால் சில வாய்ப்புகள் போகும். அந்த இழப்பைத் தாங்க மனம் தயாராக இருக்கிறதா என்று பிள்ளை படிப்பில் சேரும் முன்பே முடிவு செய்ய வேண்டும். உங்கள் மத்ஹபில் தெளிவுள்ள ஆலிமிடம் பிள்ளையையும் அழைத்துச் சென்று, அவன் வரைந்தவற்றைக் காட்டியே கேளுங்கள்.

நெய்வேலிப் பிள்ளையின் கையிருப்பு

1956ல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் அமைந்தது முதல் இந்த ஊர் இயந்திரங்களோடு வளர்ந்தது. 1400 லிட்டர் கொள்ளளவுள்ள வாளிகள் சக்கரத்தில் சுழன்று மண்ணை வெட்டும் இயந்திரம், கிலோமீட்டர் கணக்கில் ஓடும் கன்வேயர் பெல்ட், மண் கொட்டிக் கொட்டியே மலையான மேடுகள், அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் எல்லாம் நம் பிள்ளைகளுக்கு அன்றாடக் காட்சிகள். வேற்றுக்கிரகச் சுரங்கத்தை வரைய வேண்டிய வெளிநாட்டு ஓவியர் இவற்றைப் படங்களில்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

வாளிச் சக்கரம் எந்த அச்சில் சுழல்கிறது, எடையை எது தாங்குகிறது, வெட்டிய மண் எந்த வழியாகப் பெல்ட்டுக்குப் போகிறது என்று சுரங்கத்தில் வேலை பார்க்கும் அத்தாவிடமே பிள்ளை கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அதைப் புரிந்துகொண்டு வரைந்த ஒரு படம், இணையத்தில் பார்த்துப் போட்ட பத்துப் படங்களைவிட மதிப்புள்ளது. தடை செய்யப்பட்ட பகுதியில் அனுமதியின்றி நுழைவதும் புகைப்படம் எடுப்பதும் மட்டும் கூடாது.

எங்கே படிக்கலாம்?

அருகில் இருப்பது கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரி. சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி 1850ல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. இரண்டிலும் பிளஸ் டூவுக்குப் பின் நான்கு ஆண்டுகள் பி.எஃப்.ஏ. படிக்கலாம், சேர்க்கையில் வரைதல் திறனைச் சோதிப்பார்கள். சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ் பட்டப்படிப்பு இருக்கிறது.

அகில இந்திய அளவில், 1961ல் அகமதாபாத்தில் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனம் முதன்மையானது. அதன் பெங்களூர் வளாகத்தில் டிஜிட்டல் கேம் வடிவமைப்பில் முதுநிலைப் படிப்பு உண்டு. ஐ.ஐ.டி. பம்பாய் உள்ளிட்ட நிறுவனங்களில் வடிவமைப்புப் பட்டம் படிக்க யூசீட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்தவரும் எழுதலாம்.

லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் தனியார் பயிற்சி மையங்களில் சேரும் முன் நன்கு விசாரியுங்கள். அதற்காக வட்டிக் கடனில் விழ வேண்டாம். வேலைக்கு எடுப்பவர் முதலில் பார்ப்பது போர்ட்ஃபோலியோவை. சான்றிதழ் அதற்குப் பிறகுதான். கிரிட்டா, பிளெண்டர் ஆகிய மென்பொருட்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பென்சிலும் தாளும் கொண்டு பர்ஸ்பெக்டிவ், ஒளி நிழல் இரண்டையும் முதல் ஓராண்டு பழகினால் பின்னால் எல்லாம் எளிதாகும்.

வருமானம் நிலையானதா?

இல்லை என்பதே நேர்மையான பதில். பல வேலைகள் ஒரு படம், ஒரு கேம் என்ற ஒப்பந்த அளவில்தான் இருக்கும். நம் பக்கத்துப் புதுச்சேரியில் ஒரு பகுதி எடுக்கப்பட்ட 'லைஃப் ஆஃப் பை' படத்துக்கு 2013 பிப்ரவரியில் கிராபிக்ஸுக்கான ஆஸ்கர் கிடைத்தது. அந்தப் பணியைச் செய்த ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம் அதே மாதத்தில்தான் திவால் மனு கொடுத்தது. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது இந்திய ஊழியர்களும் வேலை இழந்தார்கள்.

2022 முதல் செயற்கை நுண்ணறிவுப் படக் கருவிகள் பரவியதால் தொடக்க நிலை வேலைகளுக்கு நெருக்கடி கூடியிருக்கிறது. தங்கள் ஓவியங்களை அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக 2023ல் அமெரிக்காவில் கான்செப்ட் ஆர்டிஸ்ட் கார்லா ஓர்டிஸ் உள்ளிட்ட மூவர் வழக்குத் தொடுத்தார்கள். அழகான படம் மட்டும் போடத் தெரிந்தவரின் இடத்தைக் கருவி பிடிக்கலாம். பொருள் எப்படி இயங்கும் என்று யோசித்து, கேட்டவரின் தேவைக்கேற்பத் திருத்தித் தருபவருக்குத் தேவை இன்னும் இருக்கிறது.

நிரந்தரம் என்று நாம் நினைப்பவையும் நிரந்தரமல்ல. 1962ல் ஓடத் தொடங்கிய நெய்வேலி முதல் அனல்மின் நிலையம், 600 மெகாவாட் தந்த அந்த நிலையம், 2020ல் நிறுத்தப்பட்டதை நம் கண்ணால் பார்த்தோம். ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். முயற்சியைத் தெளிவாகச் செய்வது நம் பொறுப்பு.

பெற்றோருக்கு நாம் சொல்வது

பிள்ளையின் நோட்டை வாங்கி ஒருமுறை முழுதாகப் பாருங்கள். ஆறு மாதம் அவகாசம் கொடுத்து, ஒரே கருவில் பத்து முழுமையான படங்களை முடிக்கச் சொல்லுங்கள். முடித்தால் அது ஆர்வத்தைத் தாண்டிய உழைப்பு. நுழைவுத் தேர்வுக்கு அனுப்பலாம். முடிக்காவிட்டால் வரைவது பொழுதுபோக்காக இருக்கட்டும், வேறு படிப்பைத் தேர்ந்தெடுங்கள். எந்த முடிவானாலும் கட்டட வடிவமைப்பு, பொருள் வடிவமைப்பு, பாடநூல் விளக்கப்படம் போன்ற பக்கத்துத் தொழில்களுக்கும் இதே கைத்திறன் உதவும். பெண் பிள்ளைகளுக்கும் இதே அளவுகோல்தான்.

நம் பிள்ளைகளின் கைத்திறனை ஆகுமான வழியில் பயன்பட வைத்து, அதில் பரக்கத்தையும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக. ஆமீன்.