கலங்கித் தெளிந்த சொல்

நம் பங்குகளில் நெடுநாளைய வழக்கம் ஒன்று உண்டு. இரு வீட்டாரும் கூடித் தட்டு மாற்றித் திருமணத்தை நிச்சயம் செய்கின்றனர். உற்றார் உறவினர்க்கும் சொல்லியாகிவிடுகிறது. ஆயினும், அதன்பின் கோவிலில் மூன்று ஓலை வாசிக்கப்படுகின்றது; இம்மணத்திற்குத் தடை ஏதேனும் அறிந்தவர் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளனர் என்று அறிவிக்கப்படுகின்றது. நிச்சயமான ஒன்றைக் குறித்து மீண்டும் ஏன் கேட்கவேண்டும்?

இவ்வழக்கத்திற்கு வரலாறு உண்டு. மறைவில் நடந்த மணங்களால் குடும்பங்கள் சிதைவதைக் கண்ட நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், 1215ஆம் ஆண்டில், மணத்தை முன்கூட்டி அறிவிப்பதைத் திருச்சபை முழுமைக்கும் சட்டமாக்கிற்று. மூன்று திருநாள்களில் அறிவிக்கவேண்டும் என்று 1563இல் திரிதெந்துப் பொதுச்சங்கம் வரையறுத்தது. மனிதர் நிச்சயம் என்று கொண்டதையும் மும்முறை ஆராய்ந்த பின்னரே ஏற்கவேண்டும் என்பது இதன் உட்பொருள்.

இச்சட்டங்கள் எழுதப்பட்ட இலத்தீன் மொழியில் 'உறுதியான' என்னும் பொருள் தரும் சொல் 'செர்த்துஸ்'. இது 'பிரித்தெடுத்தல்', 'சலித்தல்' எனப் பொருள்படும் வினையினின்று பிறந்தது. சல்லடையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லும் இதே வேரினதே. பதரும் கல்லும் கழிந்தபின் எஞ்சும் மணியே உறுதி. சலிக்காமல் கொண்ட உறுதி, உறுதியன்று, பிடிவாதமே.

அப்பிடிவாதம் என்ன செய்யும் என்பதைத் திருச்சபையின் வரலாறே நமக்குக் காட்டுகின்றது. 1431ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், பிரான்சு நாட்டு ரூவான் நகரில், ஏறத்தாழ 19 வயதே நிரம்பிய ஜோன் ஆஃப் ஆர்க் உயிரோடு எரிக்கப்பட்டார். தீர்ப்பளித்தவர்கள் கற்றறிந்தோர், அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் ஓர் ஆயர். ஜோனின் சொந்த ஊரில் அவரைப்பற்றி விசாரித்தறிந்த செய்திகள் வழக்கேட்டில் சேர்க்கப்படவில்லை. சல்லடையில் இடவேண்டியது ஒதுக்கப்பட்டது. பின்னர் மறு விசாரணையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் சான்று பகர்ந்தனர். 1456இல் பழைய தீர்ப்பு செல்லாதென அறிவிக்கப்பட்டது. 1920இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். எனினும், தீயில் போன உயிரை எந்த மறு தீர்ப்பும் மீட்டுத் தரவில்லை.

திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1942இல் உரோமைத் திருச்சபை நீதிமன்றத்தாருக்கு ஆற்றிய உரையில், நீதிபதிக்கு வேண்டிய உறுதி எத்தகையது என விளக்கினார். மாறானது எவ்வகையிலும் இயலாது என்னும் அளவிற்கு முற்றுறுதி தேவையில்லை. ஆனால் நியாயமான ஐயம் எதுவும் எஞ்சியிருத்தல் ஆகாது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1608ஆம் சட்டமும் இவ்வுறுதியையே கேட்கின்றது. கருத்தாய் ஆராய்ந்தும் அவ்வுறுதியை எய்த இயலாத நீதிபதி, பொதுவாக எதிர்த்தரப்பாரை விடுவிக்கவே வேண்டும்.

இனி நம் மொழிக்கு வருவோம். 'நிச்சயம்' வடமொழி வழி வந்த சொல். தமிழில் அதற்கு ஈடான பழஞ்சொல் 'தேற்றம்'. ஏகார இடைச்சொல்லின் பொருள்களுள் ஒன்றாகத் தொல்காப்பியம் இதனைச் சொல்கின்றது. 'இது மெய்யே' என்னும்போது ஈற்றில் நிற்கும் ஏகாரம் தேற்றப் பொருளைத் தருவது. கணக்குப் பாடத்தில் நிறுவிக்காட்டிய முடிவையும் நாம் தேற்றம் என்கிறோம்.

இச்சொல்லின் வேர் 'தேறு'. நோயுற்றவர் தேறுகிறார், மாணவர் தேர்வில் தேறுகிறார், துயருற்றவரைத் தேற்றுகிறோம். கலங்கிய நீரையும் நம் முன்னோர் தேற்றினர். பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்துக் கலங்கல் நீரை ஊற்றிவைத்தால், சேறு அடியில் படியும், நீர் தெளியும். கலித்தொகையின் நெய்தற்கலி, பிரிவால் கலங்கிய பெண்ணொருத்தியின் மனம் தெளிந்ததற்கு இந்நீரையே உவமையாக்குகிறது.

இலத்தீன் மொழி நமக்குச் சல்லடையைக் காட்டிற்று; தமிழ் பானையைக் காட்டுகிறது. இரண்டும் ஒன்றையே உணர்த்துகின்றன: உறுதி என்பது ஐயத்தைக் காணாத நிலையன்று, ஐயத்தைக் கடந்து வந்த நிலை. தமிழ் மேலும் ஒன்று சொல்கின்றது. தெளிவும் ஆறுதலும் ஒரே வேரில் பிறந்தவை. பிறரைக் கலங்கச் செய்துவிட்டு நாம் மட்டும் கொண்டாடும் உறுதிக்குத் தேற்றம் என்னும் பெயர் பொருந்தாது.

அண்டை வீட்டாரைப் பற்றிக் காதில் விழுந்ததை 'நிச்சயம்தான்' என்று எத்தனை எளிதாகச் சொல்லிவிடுகிறோம்! கைப்பேசியில் வந்த செய்தியைப் படித்து முடிக்குமுன்னே பிறருக்கு அனுப்பிவிடுகிறோம். சேறு படிய நாம் பானைக்கு நேரம் கொடுப்பதில்லை. அடுத்த முறை கோவிலில் ஓலை வாசிக்கக் கேட்கும்போது, அதனை வெறும் அறிவிப்பாக எண்ணாதிருப்போம். நிச்சயமானதையும் மும்முறை கேட்டறியும் அப்பொறுமையை, பிறரைக் குறித்து நாம் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் கைக்கொள்வோம்.