திருமலையில் ஓர் அஞ்ஞாதவாசம்

கி.மு. 722ஆம் ஆண்டளவில் அசீரியர் சமாரியா நகரைக் கைப்பற்றி, இஸ்ரவேல் மக்களைப் பெருங் கூட்டமாகப் பெயர்த்துச் சென்றனர். கோசான் நாட்டிலும் மேதியர் பட்டணங்களிலும் அவர்கள் குடியேற்றப்பட்டனர் என விவிலியம் கூறும். அக்கோசான் இன்று சிரியா நாட்டில் ஒரு மண்மேடு. சென்றவர்களோ அயலாரோடு கலந்து மறைந்தனர்.

கோசான் நமக்கு நெடுந்தொலைவு. ஆனால், நாம் குடியிருக்கும் இத்திருப்பதிச் சீமையும் ஒரு காலத்தில் ஊரிழந்த ஒருவருக்குப் புகலிடமாயிற்று. அவர் வேறெவருமல்லர்; திருவரங்கத்து உற்சவ மூர்த்தியே!

1323ஆம் ஆண்டில் உலூக்கானின் தில்லிப் படை திருவரங்கத்தை நெருங்கியபோது, முதியவரான பிள்ளை லோகாசாரியர் பெருமாளை எழுந்தருளச் செய்துகொண்டு தெற்கே புறப்பட்டார். மதுரைக்கருகே சோதிஷ்குடியில் உயிர் நீத்தார். பின்னர் அம்மூர்த்தி மலையாளம், மேல்கோட்டை வழியாகத் திருமலை வந்து சேர்ந்தது. கொடவர் எனப்பட்ட கைங்கரியக்காரர் காட்டுப் பள்ளத்தில் ஒளித்துக் காத்தனர் என்கிறது ‘கோயிலொழுகு’. திருமலைக் கோயிலின் ரங்கநாயக மண்டபத்தில் பூசை கொண்டதாகக் கூறுவது மலைமேல் வழங்கும் மரபு. முதலில் காடு, பின்னர் கோயில் எனக் கொண்டால் இரண்டும் பொருந்தும் என்பது நம் எண்ணம்.

விசயநகரப் படை தெற்கே வென்றபின், செஞ்சியில் அதிகாரம் செலுத்திய கோபணார்யர் பெருமாளைச் சிங்கவரத்திற்குக் கொணர்ந்து, 1371இல் அரங்கத்தில் மீண்டும் எழுந்தருளுவித்தார். திருமலையிலிருந்து கொணர்ந்ததை அரங்கத்துக் கல்வெட்டே சொல்கிறது.

ஆனால் ஊர் சேர்ந்தவுடன் துன்பம் தீர்ந்துவிடவில்லை. நாற்பத்தெட்டு ஆண்டுகளில் ஒரு தலைமுறை மாறிவிட்டது. கோயிலில் வேறொரு மூர்த்தி பூசை கொண்டிருந்தார். வந்தவரை ‘எம்பெருமான்’ என்று சொல்ல ஊரில் ஆளில்லை! வெளியூரில் நெடுநாள் வாழ்ந்து ஊர் திரும்பிய நம்மவர்க்கு இவ்வனுபவம் புதிதன்று.

இறுதியில் கண்ணிழந்த முதிய வண்ணார் ஒருவரை அழைத்தனர். இருவருக்கும் திருமஞ்சனம் செய்யுமாறு அவர் வேண்டினார். ஈரவாடையைப் பிழிந்த தீர்த்தத்தைச் சுவைத்தார். இளமையில் அறிந்த கத்தூரி மணம் திருமலையிலிருந்து வந்தவரின் ஆடையிலே இருந்தது. ‘நம்பெருமாள்’ என அவர் கூறிய சொல்லே திருநாமமாய் நிலைத்தது என்கிறது கோயிலொழுகு.

இடைக்காலத்தில் பூசை கொண்ட மூர்த்தியையும் எவரும் வெளியேற்றவில்லை. திருவரங்க மாளிகையார் என்னும் பெயரோடு அவரும் அதே கருவறையில் எழுந்தருளியுள்ளார்.