காங்கேசன்துறைக் கரையில் நத்தார்: ஒரு வீட்டுப் பண்டிகை உருவான வரலாறு

காங்கேசன்துறை என்றதும் துறைமுகமும் சீமெந்துத் தொழிற்சாலையும் மாவிட்டபுரம் கந்தன் தேரும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். நத்தார் பண்டிகையை யாரும் நினைப்பதில்லை. ஆயினும் மயிலிட்டி, ஊறணி, தெல்லிப்பழை, மல்லாகம், இளவாலை, சில்லாலை ஆகிய அயலூர்களோடு சேர்த்துப் பார்த்தால், யாழ்ப்பாணத் தமிழரின் நத்தார் எப்படிப் பிள்ளைகளுக்கும் வந்துசேரும் உறவினருக்கும் உரிய பண்டிகையாயிற்று என்பதை ஆராய இது வளமான களம். வழிபாட்டைத் தந்தவர்கள் மிசனரிமார். வீட்டுப் பண்டிகையைக் குடும்பங்களே ஆக்கிக்கொண்டன. அதற்குப் புகையிரதமும் பாடசாலையும் துணைநின்றன. இக்கட்டுரை நிறுவ முயல்வது இதையே.

போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றியபின் இப்பகுதியெங்கும் கத்தோலிக்கக் கோயில்கள் எழுந்தன. 1658இல் ஒல்லாந்தர் வந்ததும் தெல்லிப்பழை, மல்லாகம், மயிலிட்டிக் கோயில்கள் சீர்திருத்தச் சபையின் கைக்கு மாறின. அவ்வாண்டில் வந்த பால்டேயஸ் பாதிரியார் 1672இல் வெளியிட்ட நூலில் இக்கோயில்களையும் அவற்றோடு இணைந்த பள்ளிக்கூடங்களையும் ஒவ்வொன்றாக விவரித்துள்ளார். கத்தோலிக்கப் பூசை தடைசெய்யப்பட்டது, குருமார் வெளியேற்றப்பட்டனர்.

இந்தச் சூழலில்தான் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகளார் 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சில்லாலையில் தங்கிப் பணிசெய்தார். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவு, பூசைக்காக யாழ்ப்பாணத்தில் வீடுகளில் கூடியிருந்த கத்தோலிக்கர் மீது ஒல்லாந்தப் படையினர் பாய்ந்தனர். ஏறத்தாழ 300 பேர் பிடிபட்டதாகத் திருச்சபை வரலாறுகள் கூறுகின்றன. அடிகளார் தப்பிப் பின்னர் கண்டிக்குச் சென்றார். இந்நிகழ்வு பெரும்பாலும் துன்புறுத்தலின் கதையாகவே சொல்லப்படுகிறது. அதில் இன்னொரு செய்தியும் உண்டு. கோயில் கையில் இல்லாத ஒரு சமூகம் தன் பண்டிகையை வீட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறது. பிள்ளைகளும் பெண்களும் முதியவர்களும் ஒரே கூரையின்கீழ் விழித்திருந்த அந்த இரவு, எமக்குத் தெரியவரும் மிகப் பழைய யாழ்ப்பாண வீட்டு நத்தார்களுள் ஒன்று. கத்தோலிக்கருக்கு வழிபாட்டுச் சுதந்திரம் ஆங்கிலேயர் ஆட்சியில் 1806இலேயே கிடைத்தது. அதுவரை நத்தாருக்குப் பெரும்பாலும் வீடுதான் இடம்.

அடுத்து வந்தவர்களைப் பற்றி நம்மிடையே ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. 1816இல் டானியல் பூவர் தெல்லிப்பழையில் அமெரிக்க மிசனைத் தொடங்கினார். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும் 1824இல் உடுவில் மகளிர் பாடசாலையும் பிறந்தன. குடாநாட்டின் புரட்டஸ்தாந்து வாழ்வில் இவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதால் நத்தார் கொண்டாட்டத்தையும் இவர்களே கொணர்ந்தனர் என்று எண்ணத் தோன்றும். ஆனால் இவர்கள் நியூ இங்கிலாந்தின் தூய்மைவாத மரபில் வளர்ந்தவர்கள். அங்கே மாசசூசெற்ஸ் குடியேற்றம் 1659இல் நத்தார் கொண்டாடுவோருக்குத் தண்டம் விதித்தது. 1681இல் அச்சட்டம் நீங்கிய பிறகும் அந்நாளைப் புறக்கணிக்கும் வழக்கம் நீடித்தது. 1856இல்தான் அங்கு நத்தார் பொது விடுமுறையாயிற்று. ஆகவே பூவர் தெல்லிப்பழையில் பழைய கோயில் வளவைத் திருத்திக் குடியேறிய காலத்தில், அவருடைய சொந்த ஊரிலேயே டிசம்பர் 25 பலருக்குச் சாதாரண வேலைநாள். அவருடைய விடுதிப் பிள்ளைகளுக்கு எழுத்தும் வேதப் பாடமும் கிடைத்தன. நத்தார் இன்று நாம் அறிந்த வடிவில் அவர்களுக்குக் கிடைத்திருக்க வாய்ப்பில்லை என்பதே என் முடிவு.

அந்த வடிவம் வேறு வழிகளில் வந்தது. அங்கிலிக்கன், வெஸ்லியன் மிசன்களும், 1847இல் வந்த அமலமரித் தியாகிகள் சபையினரும் நத்தார் வழிபாட்டைத் தம் மரபிலேயே கொண்டிருந்தவர்கள். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் மரமும் வாழ்த்து அட்டையும் பரிசும் சேர்ந்து அது பிள்ளைகளின் திருநாளாகி, காலனிய நாட்காட்டியின் விடுமுறையோடு கடல் கடந்தது. நாளடைவில் அமெரிக்க மிசன் வழிவந்த சபைகளும் அதை ஏற்றுக்கொண்டன. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, சபாபதி குலேந்திரன் யாழ்ப்பாண ஆதீனத்தின் முதற் பேராயராகும் வேளையில், நத்தார் கொண்டாட வேண்டுமா என்ற கேள்வியே எழ இடமிருக்கவில்லை.

ஆனால் விடுமுறை மட்டும் பண்டிகையாகிவிடாது. ஆட்கள் வந்துசேர வேண்டும். 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை முழுமையடைந்து, கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை ஒரே தண்டவாளம் ஓடியது. குடாநாட்டின் வரலாற்றில் இதைப் போக்குவரத்துச் செய்தியாக மட்டும் எழுதிச் செல்வது குறையுடையது. ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்தவர் கொழும்பில் அரச எழுதுவினைஞர்களாகவும் தபால், புகையிரதப் பகுதி உத்தியோகத்தர்களாகவும் சிதறி வாழ்ந்த காலம் அது. பாடசாலைத் தவணை முடியும் டிசம்பரில் பிள்ளைகளோடு ஊர் வர முடியும். 1956 ஏப்ரல் 23 அன்று யாழ் தேவி விரைவு வண்டி ஓடத் தொடங்கியதும் அந்தப் பயணம் ஒரு பகற்பொழுதுக்குள் அடங்கியது. பாதையின் கடைசித் தரிப்பிடம் காங்கேசன்துறை. பிள்ளைகள் சன்னலோரத்தில் ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் வாசித்தபடி வந்து இறங்கும் இடம் அது. அங்கே அப்பப்பாவோ அம்மம்மாவோ காத்திருப்பார்கள். உழைப்பவர் முதியவரிடம் போவது என்ற ஒழுங்கு இப்படித்தான் நிலைபெற்றது.

அடுப்படியிலும் இந்தச் சந்திப்பைக் காணலாம். கொழும்பு வழியாக வந்தது ரிச் கேக்: ரவை, கஜு, உலர்ந்த திராட்சை, பூசணித் தோசி, கொஞ்சம் பிராந்தி. ஊரில் இருந்தது பலகாரச் சூடு. வறுத்த பயற்றம்மாவைத் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்து, உருண்டை பிடித்து, அரிசிமாக் கரைசலில் தோய்த்துப் பொரிக்கும் பயற்றம் பணியாரம், சீனி அரியதரம், முறுக்கு, அச்சில் தோய்த்துச் சுடும் கொக்கிஸ். வீட்டில் போறணை இல்லாதவர்கள் கேக் கலவையைத் தட்டில் ஊற்றி அயலிலுள்ள பேக்கரிக்குக் கொடுத்தனுப்புவார்கள். மாமியும் சித்தியும் அடுப்பைச் சுற்றி உட்கார, சின்னதுகள் உடைந்த முறுக்குக்காகக் காத்திருப்பார்கள். இதில் எதையும் எந்த மிசனும் கற்றுக்கொடுக்கவில்லை. சித்திரை வருடப்பிறப்புக்கும் தீபாவளிக்கும் பழகிய கைகள் நத்தாருக்கும் அதையே செய்தன. மரத்துக்குச் சவுக்கங்கிளை, குடிலுக்கு வைக்கோலும் கசக்கிய பிறவுண் தாளும், புல்லுக்குத் தட்டத்தில் முளைக்கவைத்த நெல் என்று எல்லாம் கையெட்டும் தூரத்தில் கிடைத்தவை.

பருவமும் ஒத்துழைத்தது. டிசம்பரில் வாடைக்காற்று வீசும். வடகரையில் கடல் கொந்தளிக்கும். மயிலிட்டி, ஊறணிக் கடற்றொழிலாளர் குடும்பங்களில் தகப்பன்மார் வீட்டில் தங்கும் நாட்கள் கூடும் காலம் இது. அதே கிழமைகளில் சைவப் பிள்ளைகள் சங்கும் சேமக்கலமுமாகத் திருவெம்பாவைக்கு விடியமுன் எழும்புவார்கள்; கிறிஸ்தவப் பிள்ளைகள் இரவில் கரோல் பாடி வீடுவீடாகப் போவார்கள். பலகாரத் தட்டம் மதிலுக்கு மேலால் நத்தாருக்கு ஒரு பக்கம் போனால், மூன்று கிழமையில் பொங்கல் மறுபக்கம் வரும். யாழ்ப்பாண நத்தார் சைவ அயலாரில்லாமல் இந்த உருவத்தை எடுத்திருக்காது என்று துணிந்து சொல்லலாம்.

1960இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது தெல்லிப்பழை யூனியன் கல்லூரி போன்ற மிசன் பாடசாலைகள் அரச பாடசாலைகளாயின. நத்தார் பாடசாலையை விட்டு நீங்கியிருக்கலாம். நீங்கவில்லை. நவராத்திரிக்கு வாணிவிழா நடக்கும் அதே மண்டபத்தில் டிசம்பரில் ஒளிவிழா நடந்தது. இன்று முன்பள்ளிகளிலும் நடக்கிறது. காட்போட் சிறகு கட்டிய தேவதூதர்கள், தலையில் துவாய் சுற்றிய இடையர்கள், இறுதியில் சிவப்புச் சட்டையில் நத்தார் தாத்தா. மேடையில் மரியாளாக நிற்பவள் சைவ வீட்டுப் பிள்ளையாகவும் இருப்பாள். அதை யாரும் புதுமையாகக் கருதுவதில்லை. மதத்துக்குரிய நாளைப் பிள்ளைகள் எல்லாருக்கும் உரிய நாளாக்கியதில் ஒளிவிழாவின் பங்கு போதிய அளவு ஆராயப்படவில்லை.

1990 யூனில் இவ்வளவும் நின்றது. போர் மீண்டும் மூண்டு வலிகாமம் வடக்கு மக்கள் வெளியேறினர். பிரதேசம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று, புகையிரதம் நின்றது, சீமெந்துத் தொழிற்சாலை மூடப்பட்டது. மல்லாகம் கோணப்புலம் முதலான முகாம்களிலும் வாடகை வீடுகளிலும் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. உழைப்பவர் முதியவரிடம் போகும் ஒழுங்கு தலைகீழாயிற்று. போய்ச்சேர வீடு இல்லை. முதியவர்களே விசா எடுத்து ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் லண்டனுக்கும் பிள்ளைகளிடம் போனார்கள். பயற்றம் பணியாரம் பொதியாகி அவர்களோடு விமானமேறியது. பனிக்கால நகரங்களின் அடுக்குமாடிகளில் பேரப்பிள்ளைகள் காங்கேசன்துறையை முதலில் அறிந்தது அந்தப் பொதியின் மூலம்தான்.

திரும்புதல் மெல்லவே நடந்தது. 2015 சனவரி 2ஆம் திகதி புகையிரதம் மீண்டும் காங்கேசன்துறையை அடைந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அரச நத்தார் விழா யாழ்ப்பாணத்தில் நடந்தபோது, சனாதிபதி மைத்திரிபால சிறிசேன கோணப்புலம் முகாமுக்குச் சென்று, இடம்பெயர்ந்தோரை ஆறு மாதத்தில் குடியேற்றுவதாக வாக்களித்தார். அந்த ஆறு மாதம் கடந்தும் முகாம்கள் இருந்தன. மயிலிட்டித் துறைமுகம் 2017 யூலையில் விடுவிக்கப்பட்டது. காணிகள் துண்டு துண்டாகவே கைக்கு வந்தன. இன்னும் வராதவையும் உண்டு. 2023 ஒக்ரோபரில் நாகபட்டினத்துக்கான பயணிகள் கப்பல் தொடங்கியதால் அக்கரையும் எட்டும் தூரத்துக்கு வந்திருக்கிறது.

இன்று இக்கரையில் இரண்டு ஒழுங்குகளும் ஒருங்கே காணப்படுகின்றன. மீளக்குடியேறிய வீட்டுக்குக் கொழும்பிலிருந்து புகையிரதத்திலும் கனடாவிலிருந்து விமானத்திலும் பிள்ளைகள் வருகிறார்கள். காணி கிடைக்காதவர்கள் மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் வாடகை வீட்டில் குடில் கட்டுகிறார்கள். 1990க்கு முந்திய நத்தாரை நடத்திய பெண்கள் இப்போது எழுபதும் எண்பதும் கடந்தவர்கள். பங்குப் பதிவேடுகளைத் தேடும் ஆய்வாளர் முதலில் இவர்களிடம் செல்ல வேண்டும். யார் எந்த ஆண்டில் எந்த வண்டியில் வந்தார்கள், எத்தனை நாள் தங்கினார்கள், எந்த வீட்டுக்குத் தட்டம் போனது, எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதெல்லாம் அவர்களிடமே இருக்கிறது.