கூடத்துள் நுழைந்த ராக் இசை

அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 1948 முதல் 1971 வரை எட் சல்லிவன் ஞாயிறு இரவுகளில் நடத்திய பல்சுவை நிகழ்ச்சி, பாட்டன் முதல் பேரன் வரை குடும்பத்தார் கூடியமர்ந்து கண்டதாகும். முதியோர் பலர் முகஞ்சுளித்த ராக் இசை, அதன் வழியாகப் பல வீட்டுக் கூடங்களுள் புகுந்தது.

அந்நுழைவு எளிதாக அமையவில்லை. 1956 செப்டம்பர் 9இல் எல்விஸ் பிரெஸ்லி இந்நிகழ்ச்சியில் முதன்முறை தோன்றினார். 1957 சனவரி 6இல் மூன்றாம் முறை பாடியபோது, அவர்தம் இடுப்பசைவு தெரியாவண்ணம் காமிராவை இடுப்புக்கு மேலேயே நிறுத்தினர். 1964 பிப்ரவரி 9இல் பீட்டில்ஸ் குழுவினரை ஏறத்தாழ 7 கோடியே 30 இலட்சம் பேர் கண்டனர். அதன் பின்னரும் கட்டுப்பாடு தளரவில்லை. 1967இல் பாடலடி ஒன்றை மாற்றுமாறு டோர்ஸ் குழுவினரைக் கேட்டனர். ஜிம் மாரிசன் மாற்றாமலே பாடினார்; அக்குழு மீண்டும் அழைக்கப்படவில்லை.

இவற்றை ஒருசேர நோக்குங்கால், சல்லிவன் ராக் இசைக்கு வாயிலாகவும் வாயிற்காவலராகவும் விளங்கினார் என்பது புலனாகும். அவ்வாயிலில் கேட்கப்பட்ட விலையைச் சிலர் கொடுத்தனர், சிலர் மறுத்தனர். ஆயினும் காமிரா மறைத்தது இடுப்பைத்தான். பேரன் விரும்பிய பாட்டு, அருகிருந்த பாட்டன் செவியிலும் விழுந்தது.