முகம், விளிம்பு, பட்டை: திண்ம உருவங்களுக்குப் பெயரிடும் முறை குறித்து

ஒரு கனச்சதுரத்தை மாணவர் கையில் கொடுத்து, "இதற்கு எத்தனை பக்கம்?" என்று கேட்டால் வகுப்பில் மூன்று விடைகள் வரும். ஆறு என்பார்கள் பலர். நான்கு என்பார்கள் சிலர். விளிம்புகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிய ஒருவர் பன்னிரண்டு என்பார். மூவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. சதுரத்தின் பக்கம் என்பது ஒரு கோடு. பெட்டியின் பக்கம் என்பது ஒரு பரப்பு. சொல் ஒன்று, பொருள் இரண்டு. பிழை கேள்வியில் இருக்கிறது, மதிப்பெண் இழப்பது மாணவர்.

திண்ம உருவங்களை அடையாளம் காணும் பாடம் நம்மிடம் பெரும்பாலும் ஒப்புமைப் பாடமாகவே நடக்கிறது. பந்து கோளம், செங்கல் கனச்செவ்வகம், டம்ளர் உருளை, பிறந்தநாள் தொப்பி கூம்பு என்று பட்டியல் நீள்கிறது. உருவத்தின் பெயர் என்பது எதை எண்ண வேண்டும், எதைச் சோதிக்க வேண்டும் என்று சொல்லும் கட்டளை. அதைப் பொருளின் சாயலாகக் கற்பிப்பது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

டம்ளரையே எடுத்துக்கொள்வோம். வாய் அகன்று அடி குறுகிய எவர்சில்வர் டம்ளரைத் தரையில் கிடத்தி மெல்ல உருட்டிவிடுங்கள். அது நேராகப் போகாது. அடிப்பக்கம் உள்ளே இருக்க, வாய்ப்பக்கம் வெளியே பெரிய வட்டம் போட்டுத் திரும்பி வரும். அந்த வட்டத்தின் மையம், டம்ளரின் சாய்ந்த பரப்பை அடிக்கு அப்பாலும் நீட்டினால் அது கூடும் உச்சி. ஆகவே டம்ளர் உருளையன்று, கூம்பின் இடைக்கண்டம். அச்சிலிருந்து எளிதில் கழன்று வரும்படி ஒரு முனை சிறுத்த சாக்பீஸும் மேசைமேல் இப்படியே வளைந்து ஓடும். உருளை என்ற பெயர் உருளுதல் என்ற வினையிலிருந்து வந்தது. நேராக உருள்கிறதா என்று பார்க்கும் சோதனையை அந்தப் பெயரே கையில் தருகிறது. நாமோ பெயரை வைத்துக்கொண்டு சோதனையை விட்டுவிட்டோம்.

நெதர்லாந்தின் பியேர் வான் ஹீலேயும் டீனா வான் ஹீலே-ஹெல்டோஃபும் 1957இல் அளித்த ஆய்வேடுகள், வடிவியல் சிந்தனை படிநிலைகளாக வளர்வதைக் காட்டின. முதல் நிலையில் குழந்தை உருவத்தை முழுச் சாயலால் அறிகிறது. அடுத்த நிலையில்தான் அதன் பண்புகளைப் பிரித்துப் பார்க்கிறது. ஒப்புமைப் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்யும் மாணவர் முதல் நிலையிலேயே நிறுத்தப்படுகிறார். தலைகீழாக வைத்த கூம்பைக் கூம்பு என்று ஏற்கவோ, கனச்சதுரமும் ஒரு கனச்செவ்வகமே என்று ஒப்பவோ அவர் தயங்குவதன் காரணம் இதுதான்.

எண்ணிப் பெயரிடும் மரபு நமக்குப் புதிதல்ல. கி.பி. 499ஐ ஒட்டி இயற்றப்பட்ட ஆரியபட்டீயத்தின் கணித பாதத்தில் நான்முகிக்கு வழங்கும் பெயர் 'ஷடச்ரி'. ஆறு விளிம்புடையது என்று பொருள். கனச்சதுரம் அங்கே 'த்வாதசாச்ரி', பன்னிரு விளிம்புடையது. அச்ரி என்பது வாளின் கூர்விளிம்பையும் குறிக்கும் சொல். 1750 நவம்பரில் கோல்ட்பாக்குக்கு எழுதிய கடிதத்தில் ஆய்லர், திண்மங்களின் உச்சிகள், விளிம்புகள், முகங்கள் ஆகியவற்றின் எண்ணிக்கைக்கு இடையிலான தொடர்பை அறிவித்தார். உச்சிகளையும் முகங்களையும் கூட்டினால் விளிம்புகளைவிட இரண்டு அதிகம் வரும். அப்போது விளிம்புக்கு அவர் எடுத்தாண்ட இலத்தீன் சொல் 'ஆசியெஸ்'. அதுவும் வாளின் கூர்விளிம்பே. 1200 ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளியில் இருவர் விரலும் ஒரே இடத்தைத் தொட்டிருப்பதை நினைக்கையில் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆனால் பெயர் சரியாக இருந்தால் அளவும் சரியாகிவிடாது. ஷடச்ரியின் கனஅளவை ஆரியபட்டர் அடிப்பரப்பு, உயரம் ஆகியவற்றின் பெருக்கலில் பாதி என்றார். முக்கோணப் பரப்பில் வரும் பாதியை அவர் திண்மத்துக்கும் நீட்டினார் என்று கொள்ள இடமுண்டு. மூன்றில் ஒரு பங்கு என்ற சரியான விதியை 628இல் பிரம்மகுப்தர் தந்தார்.

விளிம்பை மட்டும் எண்ணுவதிலும் ஓர் ஓட்டை உண்டு. ஆறு விளிம்புள்ள, தட்டை முகங்களாலான திண்மம் நான்முகி ஒன்றே. அந்தப் பெயரில் ஐயத்துக்கு இடமில்லை. பன்னிரு விளிம்போ கனச்சதுரத்துக்கும் உண்டு, எண்முகிக்கும் உண்டு, அறுகோண அடியுடைய பிரமிடுக்கும் உண்டு. முகத்தை மட்டும் எண்ணினாலும் இதே இடர்தான். ஆறு முகம் கொண்ட குவிந்த திண்மங்கள், முகங்கள் ஒன்றோடொன்று சேரும் விதத்தால் ஏழு வகைப்படும். ஐங்கோண அடியுடைய பிரமிடு அவற்றில் ஒன்று: அடி ஒன்று, சாய்முகம் ஐந்து. இரண்டு நான்முகிகளை முகத்தோடு முகம் ஒட்டினால் கிடைக்கும் உருவம் மற்றொன்று. ஆகவே 'அறுமுகி' என்பதைக் கனச்சதுரத்தின் மறுபெயராகச் சொல்லிக்கொடுப்பது தவறு. முகம், விளிம்பு, உச்சி மூன்றையும் எண்ணும்போது கனச்சதுரம் 6, 12, 8 என்றும், ஐங்கோணப் பிரமிடு 6, 10, 6 என்றும், ஒட்டிய நான்முகிகள் 6, 9, 5 என்றும் பிரிந்து நிற்கின்றன.

தமிழில் நான்காவதாக ஓர் எண்ணும் சொல் உண்டு. கோயில் தூணைப் பார்த்து 'எண்பட்டைத் தூண்' என்கிறோம். மகேந்திரவர்மன் காலக் குடைவரைத் தூண்களில் மேலும் கீழும் சதுரம், நடுவே எட்டுப் பட்டையாகச் செதுக்கிய 'கட்டு'. காஞ்சி கைலாசநாதர் கோயில் கருவறை இலிங்கத்துக்குப் பதினாறு பட்டை. பட்டை என்பது சுற்றி நிற்கும் முகத்தை மட்டும் எண்ணுகிறது. மேலும் கீழும் அதன் கணக்கில் சேரா. எண்பட்டைத் தூணின் நடுத்துண்டைத் தனியே அறுத்தெடுத்தால் அதற்குப் பட்டை எட்டு, முகம் பத்து. அறுகோணப் பென்சிலை மாணவர்கள் அறுமுகி என்று எழுதுவது இந்த இரண்டு கணக்கும் கலப்பதால்தான். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் வழங்கும் 'பட்டகம்' என்ற பெயரை இந்தப் பட்டையோடு சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் அந்தச் சொல் உயிர்பெறும். சதுரக் கல்லின் மூலைகளைச் சீவி எட்டாக்கி, எட்டைப் பதினாறாக்கி, பிறகு உருட்டாக்குவது சிற்பியின் வேலைமுறை. பட்டகம் படிப்படியாக உருளையை நெருங்குவதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் படம் எனக்குத் தெரிந்து இல்லை. இரண்டுக்கும் கனஅளவு அடிப்பரப்பு பெருக்கல் உயரமே.

பட்டையை எண்ணுவது பெரியவர்களின் பிழையையும் பிடிக்கும். யூக்ளிட் தம் பதினோராம் நூலில், எதிரெதிரே சமமும் வடிவொத்தவையும் இணையுமான இரண்டு தளங்கள், மற்றவை இணைகரங்கள் என அமைந்த திண்மமே பட்டகம் என்று வரையறுத்தார். ஒரு சீட்டுக்கட்டை எடுத்து, கீழ்ப்பாதியை ஒரு மூலையை நோக்கிச் சீராகச் சரியுங்கள். மேல்பாதியை அதற்கு எதிர்மூலை நோக்கிச் சரியுங்கள். அடிச்சீட்டும் மேல்சீட்டும் சமம், இணை. சுற்றியுள்ளவை அனைத்தும் இணைகரங்கள். யூக்ளிட்டின் சொற்படி இது பட்டகம். ஆனால் நடுவில் முறிந்து நிற்கும் இதை எவரும் பட்டகம் என்று ஏற்கமாட்டார். அடி நான்கு பக்கமுடையது, பட்டையோ எட்டு. அடிக்கு எத்தனை பக்கமோ அத்தனை பட்டை என்ற நிபந்தனை இங்கே உடைகிறது. இரண்டாயிரம் ஆண்டுப் புகழ்பெற்ற வரையறையை ஒரு பள்ளி மாணவர் எண்ணியே திருத்த முடியும் என்பது சிறிய செய்தியல்ல.

பெயர்களிடையே உறவு தெரிவதும் அவசியம். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் கனச்சதுரத்தைச் சதுரமுகி என்றும், பட்டகத்தை அரியம் என்றும், பிரமிடைக் கூம்பகம் என்றும் வழங்குகின்றன. அரியத்தைவிடப் பட்டகமே பொருத்தம் என்பது என் கருத்து. காரணத்தை மேலே சொன்னேன். ஆனால் கூம்பகம் பிரமிடைவிடப் பல மடங்கு மேலானது. பிரமிடு என்றதும் மாணவர் மனத்தில் எகிப்தின் சதுர அடியே வந்து நிற்கிறது. முக்கோண அடியுடையதும் பிரமிடே என்று பிறகு போராட வேண்டியிருக்கிறது. கூம்பகம் என்றால் கூம்பின் உறவு பெயரிலேயே தெரிகிறது. அடி வட்டமானால் கூம்பு, பலகோணமானால் கூம்பகம். பிரம்மகுப்தரின் மூன்றில் ஒரு பங்கு இரண்டுக்கும் பொது.

பாடநூல் எழுதுவோரிடம் இரண்டு வேண்டுகோள். திண்மப் பாடத்தில் 'பக்கம்' என்ற சொல்லை முகத்துக்கு வழங்குவதை அடுத்த பதிப்பிலேயே நிறுத்துங்கள்; பலகோணத்தின் கோட்டுக்கு மட்டும் அது இருக்கட்டும். பிரமிடு என்று வரும் இடத்திலெல்லாம் கூம்பகம் என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள்.